எட்டாவது வாரம்

குஞ்சுகள் வந்த அன்று ஓரன் பிட்மனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

ஹேஸல் ரிட்ஜ் தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். தபாலில் கோழிக்குஞ்சு வந்தால் விடிந்ததும் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காணாமல் லாரியில் வந்தவை அவை. அன்றைக்கு இரண்டு அட்டைப்பெட்டிகள், பெட்டிக்கு நூறு. காற்றோட்டத்துக்குப் போட்ட ஓட்டைகள் வழியாக மஞ்சள் அலகுகள் எட்டிப் பார்த்தன. ஓரன் வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்துக் கேட்டார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு, ஓப்பல். ரெண்டு மாசம் பிந்தி வந்திருக்குதுங்க, அதான்" என்றார்.

ஏப்ரலில் வந்திருக்க வேண்டியவை. பொரிப்பகத்தில் முட்டை சரியாகப் பொரியவில்லை என்று தள்ளிக்கொண்டே போய் ஜூன் முதல் வாரத்தில் அனுப்பினார்கள். ஏப்ரல் குஞ்சு வெயிலைப் பார்க்காமலே கத்திக்குப் போய்விடும். ஜூன் குஞ்சு தயாராக ஜூலைக் கடைசி ஆகும். அந்த மாசத்தில் எங்கள் ஓசார்க் மலைப்பக்கம் புல்லெல்லாம் தவிட்டு நிறமாகி, சுண்ணாம்புப் பாறை அனல் கக்கும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நாற்பது வீடுகளில் கோழி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பெட்டிகளை வண்டியின் முன்சீட்டில் வைத்து, நாய் உட்காருகிற இடத்தில் அவற்றை உட்கார வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

இந்த வெள்ளைக் கோழி கறிக்கென்றே உண்டாக்கப்பட்டது. நாட்டுக்கோழி மாதிரி ஓடாது, பறக்காது. தின்னும், உட்காரும், மறுபடியும் தின்னும். எட்டு வாரத்தில் ஒரு ஆள் கையில் கனக்கிற அளவுக்கு நெஞ்சு வைத்துவிடும். எட்டாவது வாரம் தாண்டினால் அந்த நெஞ்சின் பாரம் தாங்காமல் கால் மடங்கும். அல்லது நின்ற இடத்தில் இதயம் நின்றுபோகும். வெட்டுவதைத் தள்ளிப்போடுவதுதான் அதற்குச் செய்கிற பாவம் என்று ஓரன் சொல்வார்.

பிட்மன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் அரை மைல். தபால் ஆபீசுக்குப் போகிற வழியில் தினமும் அவரைப் பார்ப்பேன். முட்டியளவு உயரத்தில் நான்கு பெரிய கூண்டுகள். பாதிக்குத் தகரக் கூரை, மீதிக்குக் கம்பிவலை, அடியில் தரை கிடையாது. காலையில் ஒவ்வொன்றையும் கயிற்றைத் தோளில் போட்டு ஒரு கூண்டு நீளம் இழுப்பார். உள்ளே கோழிகளும் கூடவே நடந்து புதுப்புல்லுக்கு வரும். நேற்றைய இடம் எருவோடு பின்னால் கிடக்கும். மேய்ச்சல் வேலை முழுக்க அவருடையது. அவர் மனைவி நெல்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கோடை விடுமுறையில் தோட்டம், தக்காளி, பீன்ஸ், ஊறுகாய் ஜாடி என்று அவளுக்கே வேலை சரியாக இருக்கும். கூண்டுப் பக்கம் அவள் போவது குறைவு.

வெட்டுகிற நாள் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்ந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் தகரக் கூம்புகள் வரிசையாக அறைந்திருக்கும். ஓரன் கோழியைத் தலைகீழாகக் கூம்பில் இறக்கி, தன் முதுகை அவளுக்கு மறைப்பாகக் காட்டிக்கொண்டு, அறுப்பார். வெந்நீரில் முக்குவது, பழைய துணி துவைக்கிற எந்திரத்தில் அவர் செய்த இறகு பிடுங்கியில் போடுவது, குடல் எடுப்பது, ஐஸ் தண்ணீரில் போடுவது எல்லாம் நெல்டா. இருபத்துமூன்று வருஷத்தில் அவள் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. அறுக்கச் சொல்லி அவரும் கேட்டதில்லை. முதல் வருஷம் ஒருதரம் அவள் முகத்தைப் பார்த்தவர், அடுத்த தரம் கம்பத்தைத் திருப்பி நட்டுவிட்டார்.

ஆறாவது வாரம் ஒரு காலையில் நான் அந்த வழியாகப் போனபோது மூன்று கூண்டுகள் நகர்ந்திருந்தன. நான்காவது நகரவில்லை. அதன் முன்னால் ஓரன் கவிழ்ந்து கிடந்தார். கயிறு தோளிலேயே இருந்தது. உள்ளே இருந்த கோழிகள் அவர் கிடக்கிற பக்கமாக வந்து கம்பியோரம் நின்று, எப்போது நகரப்போகிறது என்று காத்திருந்தன.

பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். நெல்டா அங்கேயே நாற்காலியில் தூங்கினாள். காலையில் கூண்டு நகர்த்துவது, தண்ணீர், தீவனம் எல்லாம் என் பொறுப்பாயிற்று. எனக்கு அறுபத்தொரு வயது, இடுப்பு சரியில்லை. ஒரு கூண்டை நகர்த்த அரைமணி ஆகும். தீவனத் தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொள் என்று நெல்டா போனில் சொல்லியிருந்தாள். அது ஒன்றுதான் இரண்டு பேருக்கும் தெரிந்த கோழி வளர்ப்பு. தொட்டி ஒருநாளும் காலியாகவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தபோது வாயில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும், படுக்க வேண்டுமென்றாலும், ஈயை விரட்டச் சொன்னாலும், "செவ்வாக்கிழமை" என்பார். குரலின் ஏற்ற இறக்கமெல்லாம் சரியாக இருக்கும், கேள்வி கேள்வி மாதிரி, கோபம் கோபம் மாதிரி. சொல் மட்டும் அதுதான். பாதிரியார் வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஓரன் மரியாதையாக, "செவ்வாக்கிழமை" என்றார். பாதிரியார் விழித்தார்.

"இன்னைக்கு வேணாமாம், செவ்வாக்கிழமை வரச் சொல்றாரு" என்றாள் நெல்டா. ஓரனின் வாயில் பாதி சிரித்தது. அந்த வீட்டில் அந்த மாதம் நான் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான்.

அக்ரூட் மரத்து நிழலில் சக்கர நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைப்பாள். அங்கிருந்து கூண்டுகள் தெரியும். குளிர்ந்த டீயை மாவு கலந்து கஞ்சி மாதிரி கெட்டியாக்கி, கரண்டியால் ஊட்டுவாள். தண்ணியாகக் கொடுத்தால் புரையேறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாற்பது வருஷம் ஐஸ் போட்ட டீ குடித்த மனிதர், அதை வாயில் வாங்கிக்கொண்டு, விழுங்கலாமா என்று யோசிப்பதுபோல் வெகுநேரம் வைத்திருப்பார்.

எட்டாவது வாரம் தொடங்கிவிட்டது. நெல்டா போனை எடுத்து உட்கார்ந்தாள். கோழி வெட்டித் தருகிற உரிமம் பெற்ற இடம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அக்டோபர் வரைக்கும் நாள் நிறைந்துவிட்டது என்றாள் அங்கே பேசிய பெண். நூற்றி எண்பது சொச்சம் கோழி, புருஷனுக்கு இப்படி என்று நெல்டா சொன்னாள். அந்தப் பெண் உண்மையிலேயே வருத்தப்பட்டாள், ஆனால் வருத்தப்படத்தான் முடியும். சர்ச்சில் கேட்டாள். ஆண்கள் எல்லோரும் வைக்கோல் கட்டுகிற வேலையில் இருந்தார்கள். பலருக்குக் கோழி என்றால் கடையில் தெர்மகோல் தட்டில் சுற்றி வைத்திருப்பதுதான் தெரியும். சாப்பாடு கொண்டுவந்தார்கள். மூன்று வீட்டிலிருந்து மூன்று நாள் ஒரே மாதிரி மக்ரோனி வந்தது. புல் வெட்டித் தருகிறேன் என்றார் ஒருவர். வெட்டப் புல் இல்லை, எல்லாம் காய்ந்து கிடந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் நெல்டா தானே கத்தியை எடுத்தாள். நான் கூட இருந்தேன். கோழியைப் பிடித்துக் கூம்பில் இறக்கியது நான். அது ஒன்றும் எதிர்க்கவில்லை, வெதுவெதுவென்று கனமாக இருந்தது. அவள் கைகள் மாவு பிசைந்து பழகிய உறுதியான கைகள்தான். ஆனால் கத்தி இறங்க வேண்டிய ஆழம் அவளுக்குத் தெரியவில்லை. முதல் வெட்டு தோலோடு நின்றது. இரண்டாவது தப்பான இடத்தில் போயிற்று. கோழி கூம்புக்குள் உதறியது. மரத்தடியிலிருந்து ஓரன் கத்திக்கொண்டே இருந்தார். அவர் சொல்லிக்கொடுக்கிறாரா திட்டுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கோழி அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இப்போது சொல்ல நான் விரும்பவில்லை. நெல்டா கத்தியைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, உறையில் போட்டாள்.

"என்னால ஆகாது, ஓப்பல். நீ பண்றியா?" என்று கேட்டாள்.

நான் பிறந்ததிலிருந்து கோழி தின்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பொரித்த கோழி இல்லாத வாரம் எனக்கு நினைவில்லை. "என்னாலயும் ஆகாது" என்றேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளிலும் சேர்த்து ஆறு கோழிகள் இதயம் நின்று செத்தன. புதன் சாயங்காலம் வானொலியில் மறுநாள் வெயில் நூற்று நாலு டிகிரி என்றார்கள்.

வியாழக்கிழமை காலையில் புல்லில் ஒரு சொட்டுப் பனி இல்லை. ஏழு மணிக்கே சிள்வண்டு கத்த ஆரம்பித்துவிட்டது. நான் பத்தரை மணிக்கு ஜன்னலைச் சாத்தி, ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. நெல்டா படுக்கை விரிப்புகளையெல்லாம் நனைத்துக் கூண்டுகள்மேல் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா தையல் போட்டுக் கொடுத்த விரிப்பும் அதில் இருந்தது. குழாயை நீளமாகப் போட்டுத் தண்ணீர் தெளித்தோம். விரிப்பு பத்து நிமிஷத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். கோழிகள் இறக்கைகளை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, தொண்டை துடிக்க மூச்சு வாங்கின. அப்படி நூற்றி எண்பது தொண்டைகள் ஒன்றாகத் துடிக்கிற சத்தம் மழை தூறுவது மாதிரி இருந்தது.

ஓரனை வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்றால் அவர் விடவில்லை. இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தக் கையை நீட்டிக் கூண்டைக் காட்டினார். "செவ்வாக்கிழமை" என்றார். நெல்டா தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, இதுவா என்றாள். அவர் கையை அசைத்துக் கொஞ்சம் தள்ளிக் காட்டினார். நீளமான தீவனத் தொட்டி. பாதி காலியாகியிருந்தது. "செவ்வாக்கிழமை, செவ்வாக்கிழமை" என்று நாற்காலியின் கையை ஓங்கி ஓங்கி அடித்தார். முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது.

"தொட்டி கொறஞ்சிருக்குங்கறாரு" என்றாள் நெல்டா. "சரி, சரி, போடறேன். நீ அடங்கு. உனக்கு இன்னொரு தரம் வந்துடப் போகுது."

நானும் அவளும் ஆளுக்கொரு வாளி தீவனம் கொண்டுபோய் நான்கு கூண்டுகளிலும் தொட்டி நிறையப் போட்டோம். வெயிலில் கிடந்த கோழிகள்கூட எழுந்து வந்து தின்றன. தின்பதற்கு எழுந்திருக்க மட்டும் அதுகளுக்கு எப்போதும் தெம்பு இருக்கும். அவை தின்பதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. தின்கிற உயிர் பிழைக்கும் என்றுதானே நாம் நினைப்போம். ஓரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழுதார். இந்த நோய் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் நாங்கள் அதைக் காரணமில்லாத அழுகை என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு மணிக்கு மேல் விழ ஆரம்பித்தன. மல்லாந்து, கால்களைப் பின்னால் நீட்டி, கொண்டை கத்தரிப்பூ நிறமாகி, ஒரு கேவல், அவ்வளவுதான். ஒன்றைத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் முக்கினால் அதற்குள் பக்கத்தில் மூன்று விழுந்திருக்கும். உயிரோடிருப்பவற்றை இரண்டிரண்டாக அள்ளி மரத்தடிக்குக் கொண்டுவந்தோம். ஓரனின் காலடியைச் சுற்றி வெள்ளையாகப் பரப்பிவிட்டோம். அவர் குனிந்து இடது கையால் எட்டியதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நெல்டா ஒன்றை அவர் மடியில் வைத்தாள். அது அவர் மடியிலேயே செத்தது. அவர் அதைக் கொடுக்கவில்லை. நாங்களும் வாங்கவில்லை. மூன்று மணிக்கு நான் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் மட்டும் நடந்துகொண்டிருந்தாள், கூண்டுக்கும் மரத்துக்கும், மரத்துக்கும் கூண்டுக்கும்.

வெயில் சாய்ந்தபோது ஐம்பத்தெட்டு உயிரோடு இருந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் தீவன ஆலை ஹோபர்ட் தன் குழி தோண்டுகிற எந்திரத்தைக் கொண்டுவந்தான். எங்களைவிடப் பதினைந்து வயது சின்னவன், பேச்சுக்காரன், நல்லவன். பாறை இல்லாத இடமாகத் தேடி, ஆழமாகத் தோண்டி, செத்ததையெல்லாம் போட்டு மூடிக் கொடுத்தான். பாதிக் கோழிகளின் கழுத்தடியில் இரைப்பை பந்து மாதிரி புடைத்திருந்ததை அவன் பார்த்திருக்க வேண்டும். வேலை முடிந்து, நெல்டா கொடுத்த டீயை நின்றுகொண்டே குடித்தான். சோளரொட்டியும் தக்காளியும் வைத்தாள், தொடவில்லை.

"இந்த மாதிரி வெயில்ல, ஓரன் காலைல ஒம்பது மணிக்கே தீவனத்த எடுத்துடுவாரே, நெல்டா" என்றான். "சாயங்காலம் ஏழுக்குத்தான் திருப்பி வெப்பாரு. தின்னா உள்ள சூடு ஏறும், அப்புறம் தாங்காதுன்னு எனக்கே அவருதான் சொல்லிக்குடுத்தாரு. முன்னால ஒரு வருஷம் இதே மாதிரி வெயில் அடிச்சுதே, பன்னெண்டு வருஷம் இருக்குமா? பட்டினி போட்டே அத்தனையையும் காப்பாத்திட்டாரு."

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கோடையில் நெல்டா ஆர்கன்சா மாநிலத்தில் இருந்தாள். அங்கே அவள் அக்கா சாகக் கிடந்தாள். திரும்பி வந்தபோது செப்டம்பர்.

நெல்டா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எத்தனை மணிக்கு எடுப்பாருன்னே?" என்று கேட்டாள்.

"ஒம்பது மணிக்கு" என்றவன், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது மெதுவாக அவனுக்கு உறைத்தது. எல்லாருக்கும் இதெல்லாம் தெரியாது, எனக்கே அவர் சொன்னதால்தான் தெரியும், இந்தக் கோழி எப்படியும் செத்துப்போகிற சாதிதான் என்று என்னென்னவோ சொன்னான். பிறகு எந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்று மத்தியானம் போன் வந்தது. கோழி வெட்டுகிற இடத்துப் பெண். ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இடம் இருக்கிறது, ஆனால் அறுபதுக்கு மேல் முடியாது, பரவாயில்லையா என்று கேட்டாள். அவள் நல்ல மனசோடுதான் எங்களை நினைவு வைத்திருந்து கூப்பிட்டாள்.

"பரவாயில்ல. அறுபதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் நெல்டா. நன்றி என்றும் சொன்னாள்.

அன்றைக்கெல்லாம் அவள் ஓரனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரைக் குளிப்பாட்டினாள், சவரம் செய்துவிட்டாள். சாயங்காலம் காற்று கொஞ்சம் வந்தது. மரத்தடியில் நான் பீச் பழம் அரிந்துகொண்டிருந்தேன். அவள் அதை மசித்து அவருக்கு ஊட்டினாள். கிண்ணம் காலியானதும் அதைப் புல்லில் வைத்துவிட்டு, முக்காலியை அவருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் தொட உட்கார்ந்தாள்.

"ஓரன், என்னைப் பாரு" என்றாள். "நேத்து தீவனத்த எடுக்கச் சொன்னியா?"

அவர் அவளைப் பார்த்தார். கண் தெளிவாகத்தான் இருந்தது. மெல்லத் தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

நெல்டாவின் தோள் இறங்கியது. அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அதே குரலில், அதே நிதானத்தில், "இல்ல, இன்னும் போடச் சொன்னியா?" என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவர் ஆமாம் என்று தலையாட்டுவதை இப்போதைக்கு நம்ப வேண்டாம், கேட்ட குரலுக்குத் தலை தானாக ஆடும், அவருக்கே அது தெரியாது என்று. நாங்கள் மறந்திருக்கவில்லை. இருந்தாலும் முதல் தலையாட்டலை நான் நம்பிவிட்டேன். இரண்டாவதையும் நம்பியிருப்பேன், அதை மட்டும் கேட்டிருந்தால்.

நெல்டா மூன்றாவது கேள்வி கேட்கவில்லை. அவர் தாடையில் வழிந்த பழச்சாற்றைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள். "நாளைக்குப் போற கோழிக்கு ராத்திரி வயித்துல எரை இருக்கக் கூடாது. எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனாள். அது ஒன்று அவளுக்குத் தெரியும். இருபத்துமூன்று வருஷம் குடல் எடுத்தவள்.

மிச்சமிருந்த ஐம்பத்தெட்டையும் ஒரே கூண்டில் விட்டிருந்தோம். அவள் மூடியைத் திறந்து தொட்டியைத் தூக்கினாள். பகலெல்லாம் படுத்தே கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கனத்த நெஞ்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு, வாத்து நடை நடந்து, அவள் நிற்கிற மூலைக்கு வந்து கம்பியில் முட்டி நின்றன. ஐம்பத்தெட்டு முகமும் அந்தத் தொட்டியையே பார்த்தன.

மரத்தடியிலிருந்து ஓரன் குரல் கொடுத்தார். உரக்க, அவசரமாக, திரும்பத் திரும்ப. நெல்டா தொட்டியை இரண்டு கையிலும் பிடித்தபடி திரும்பி அவரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அவள் தொட்டியைப் பாதி இறக்கினாள், மறுபடியும் தூக்கினாள். பிறகு கூண்டை மூடிவிட்டுத் தொட்டியைச் சுமந்துகொண்டு கொட்டகையை நோக்கி நடந்தாள். அவர் குரல் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.